நான் பேசப் போன கூட்டம்

ஏனுங்க்கா, அந்த ஜன்னலோரத்த எனக்குக் கொஞ்சம் விட்டுத் தர்றீங்களா? மலை ஏறும்போது ஒண்ணும் பண்ணலீங்க, எறங்கும்போதுதான் வயித்தப் பொரட்டுது. பைய இப்படி மடியில வச்சுக்கிறேன். புண்ணியமாப் போகும்ங்க.

ஒறம்பரையா? இந்த மலையில எனக்கு யாருங்க சொந்தக்காரங்க? எனக்கு ஆகாதவங்க ஒருத்தரப் பார்க்க வந்தேன். ஆமாங்க, ஆகாதவங்களத்தான். தறிக்கு ஒரு நாள் லீவு சொல்லிட்டு, ரெண்டு பஸ் மாறி, ஆகாதவங்களப் பார்க்க யாராச்சும் வருவாங்களான்னுதான பாக்கறீங்க? நான் வந்தேன். அந்தம்மா இங்க எப்படி உக்காந்திருக்காங்கன்னு என் ரெண்டு கண்ணால பார்க்கோணும்னு வந்தேன்.

அந்தியூர் போய்ச் சேர ஒண்ணே கால் மணி நேரம் ஆகும்ல? அப்பச் சொல்லிடறேன், கேளுங்க.

எம் பேரு பரிமளா. கீழ வேப்பங்காட்டுப்புதூருங்க. எங்கூரு நடுநிலைப் பள்ளிக்கூடத்துல பெத்தவங்க சேர்ந்து ஒரு கமிட்டி இருக்குது, பள்ளி மேலாண்மைக் குழுன்னு பேரு. அரசாங்கப் பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் இருக்குதுங்க, ஆனா யாருக்கும் தெரியாது. அதுக்கு நாந்தான் தலைவி. தறி ஓட்டறவதான், பத்தாவது ஃபெயிலுதான், ஆனா தலைவி. படிக்கிற புள்ளையோட அம்மாதான் தலைவியா இருக்கோணும்னு சட்டமே இருக்குது.

ஹெச்.எம். தமயந்தி டீச்சர். அவங்களத்தான் இன்னிக்குப் பார்த்துட்டு வர்றேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, மூக்கு நுனியில கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு மேலதான் நம்மளப் பார்ப்பாங்க. தலைவி எடுக்கிற அன்னிக்கு ஒரு முப்பது பொம்பளைங்க உக்காந்திருந்தோம். அந்தம்மா ஒரு சுத்துப் பார்த்துட்டு, "பரிமளா, நீ இருந்துக்கோ. நீதான் அமைதியா இருப்பே. மாசத்துக்கு ஒருக்கா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்"னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட நாலு தடவ சொன்னேன்.

நான் அமைதி இல்லீங்க்கா. தறிச் சத்தத்துல பேசிப் பேசி என் தொண்டை அப்படி ஆயிருச்சு. சத்தம் இல்லாத ரூமுல வாயத் தொறந்தா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அதனால பேசமாட்டேன். அத அந்தம்மா அமைதின்னு நெனச்சுட்டாங்க.

பதினஞ்சு மாசம் கையெழுத்துப் போட்டேன். கூட்டமே நடக்காது. தீர்மான நோட்டுன்னு ஒரு பெரிய நோட்டு, ஆயா எடுத்துட்டு வரும், இல்லைன்னா தறிக்குப் போற வழியில நானே எட்டிப் பார்ப்பேன். பக்கத்த மடிச்சு வச்சிருப்பாங்க. "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு." மேல என்ன எழுதியிருக்குதுன்னு நான் கேட்டதில்ல. கேக்கோணும்னு தெரியாதுங்க எனக்கு.

எம் புள்ள கனிஷ்கா அப்ப ஏழாவது. ஒரு திங்கக்கெழம காலைல ப்ரேயர்ல மயங்கி விழுந்துட்டா. கவர்மென்ட் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். குளிர் காய்ச்சல், அடிவயித்து வலி, ரெண்டு நாளு ட்ரிப்ஸ். அந்த டாக்டரம்மா என்னக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்துல இவ ஒண்ணுக்கே போறதில்லையாம், உங்களுக்குத் தெரியுமா?"ன்னாங்க. எனக்குத் தெரியல. புள்ளைகிட்டக் கேட்டா, பாத்ரூம்ல தண்ணி வந்து ஆறு மாசம் ஆச்சாம். பொம்பளப் புள்ளைங்க எல்லாம் காலைல இருந்து தண்ணியே குடிக்காம, சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. அறுபத்தி மூணு புள்ளைங்க! எந்த வீட்டுலயும் சொல்லல. வெக்கம்.

நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போனேன். அங்க பி.இ.ஓ. உக்காந்திருந்தாரு, அதாங்க, நாப்பது அம்பது பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கிற ஆபீசர். பெத்தவங்க ஒரு அஞ்சாறு பேரும் இருந்தாங்க. நான் பேச ஆரம்பிச்சதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சொன்னன்ல, என் தொண்டை அப்படி. தமயந்தி டீச்சர் எந்திரிச்சாங்க. பீரோவத் தொறந்தாங்க. நோட்ட எடுத்தாங்க. ஒரு பக்கத்த விரிச்சுப் படிச்சாங்க. "மாணவியர் கழிப்பறை தூய்மையாகவும் தண்ணீர் வசதியுடனும் உள்ளது. குழு மனநிறைவு தெரிவிக்கிறது." அப்புறம் நோட்ட எம் பக்கம் திருப்பி, "இது யார் கையெழுத்து?"

எங் கையெழுத்து.

"தலைவியே மனநிறைவுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, தலைவியே வந்து சத்தம் போட்டா நாங்க என்ன சார் பண்றது?"ன்னாங்க பி.இ.ஓ.வைப் பார்த்து. அந்தாளு சிரிச்சாரு. அவரு சிரிச்சதும் மத்தவங்களும் சிரிச்சாங்க. எங்க தெருக்காரி ஒருத்தியும் சிரிச்சா. எம் புள்ள ஆசுபத்திரியில படுத்திருக்குது, நான் நாலு பேருக்கு நடுவுல எங் கையெழுத்தப் பார்த்துட்டு நிக்கறேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னிக்கு வரைக்கும் காதுல கேக்குதுங்க்கா. தறியில நின்னா தறிச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கத்தப் போறதில்ல, சண்டை போடப் போறதில்ல. இந்தம்மா என்ன எந்த நோட்ட வச்சு அடிச்சாங்களோ அதே நோட்டுல வச்சு நான் திருப்பி அடிக்கோணும்.

அடுத்த மாசமே கமிட்டித் தலைவிங்களுக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சின்னு ஒரு கல்யாண மண்டபத்துல வச்சாங்க. எப்பவும் ஹெச்.எம்.மே யாரையாச்சும் அனுப்பிருவாங்க. நான் போய் முதல் வரிசையில உக்காந்தேன். மைக் பிடிச்சுப் பேசுன பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது. பின்னாடி எல்லாரும் சுண்டல் தின்னுட்டு ஊர்க்கதை பேசறாங்க, நான் ஒருத்தி எழுதறேன். என்ன பேசப் போறோம்னு முன்னாடியே எழுதி வீடு வீடாக் குடுத்திரோணும். சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிரோணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது. 'பார்க்கலாம்'னு யாராச்சும் சொன்னா அது முடிவு இல்ல. யாரு, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதுனாத்தான் முடிவு. எழுதுனதப் படிச்சுக் காட்டுன பொறகுதான் கையெழுத்து. இதெல்லாம் அந்தப் பொண்ணு கூட்டம் ஒழுங்கா நடக்கிறதுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. எனக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கத்தி மாதிரி தெரிஞ்சது.

எம் புள்ளையோட ரஃப் நோட்டுல தாளக் கிழிச்சு, கார்பன் வச்சு எழுதி, இருபது மெம்பர் வீட்டுக்கும் நானே நடந்து போய்க் குடுத்தேன். மாசக் கடைசி வெள்ளிக்கெழம, மூணு மணி. மொதல் விஷயம், பொம்பளப் புள்ளைங்க பாத்ரூமு.

மூணு மணிக்கு நான் உக்காந்துட்டேன். ஏழு பேரு வந்திருக்காங்க. அந்தம்மா கண்ணாடிக்கு மேல பார்த்து, "பத்துப் பேராவது இல்லாம கூட்டம் செல்லாது பரிமளா. போய்ட்டு வா"ன்னாங்க. மூஞ்சியில ஒரு சிரிப்பு. நான் எந்திரிச்சு வெளிய போனேன். ரேஷன் கடை வரிசையில மூணு மெம்பருங்க நின்னுட்டு இருந்தாளுங்க. மூணு பேரையும் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சேன். ஒருத்தி கையில மண்ணெண்ணெய் கேன். "பத்து ஆச்சுங்க டீச்சர்"னேன்.

மாரப்பண்ணன்னு ஒரு பால்காரர் மெம்பரு. வாயத் தொறந்தா அவரு படிச்ச காலத்துல இருந்து ஆரம்பிப்பாரு. செல்லுல மூணு நிமிசம் அலாரம் வச்சு அவரு முன்னாடி வச்சேன். அலாரம் அடிச்சதும் பாதி வார்த்தையில நின்னுட்டாரு, பாவம். அப்புறம் பாத்ரூம் விஷயம் வந்துச்சு.

"பார்க்கலாம்"னாங்க தமயந்தி டீச்சர்.

"பார்க்கலாம்னு எழுதக் கூடாதாமுங்க டீச்சர். யாரு பாக்கறது, எந்தத் தேதிக்குள்ள?"

அந்தம்மா பேனாவ மூடி மூடித் தொறந்தாங்க. "சரி. நான். அடுத்த மாசம் பதினஞ்சுக்குள்ள."

"எழுதுங்க."

எழுதுனாங்க. எழுதி முடிச்சு நோட்ட எம் பக்கம் தள்ளுனாங்க, பழைய மாதிரியே. நான் பேனாவத் தொடல. "படிச்சுக் காட்டுங்க டீச்சர்"னேன்.

"எல்லாருக்கும் கேட்டதுதானே?"

"எனக்குக் கேக்கலீங்க. தறியில நின்னு நின்னு காது மந்தமாப் போச்சு. கொஞ்சம் எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிச்சீங்கன்னா..."

எங் காதுக்கு ஒண்ணும் இல்லீங்க்கா. உங்களுக்கு மட்டும் சொல்றேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னாங்க. பள்ளிக்கூடப் புள்ள பாடம் ஒப்பிக்கிற மாதிரி நின்னு படிச்சாங்க. எனக்கு அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு.

பதினாலாம் தேதியே பாத்ரூம்ல தண்ணி வந்திருச்சு. மோட்டார் வயர மாத்தி, புதுக் குழாயே போட்டுட்டாங்க.

என்னங்க? அதோட விட்டிருக்கலாமா? எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொன்னாரு. தண்ணிதான் வந்திருச்சே, பொறகென்னன்னு. தண்ணிக்காக மட்டுமா நான் எறங்குனேன்? அந்தச் சிரிப்புக்கு என்ன பதில்?

மாசா மாசம் நடத்துனேன். சொன்னா நம்பமாட்டீங்க, எங்க கூட்டத்தப் பார்க்கப் பக்கத்து ஊருத் தலைவிங்க வந்தாங்க. டாண்ணு மூணு மணி, நாலே காலுக்கு முடிஞ்சிரும். மொதல் விஷயம் எப்பவும் ஒண்ணுதான்: போன மாசம் ஹெச்.எம். என்ன சொன்னாங்க, என்ன ஆச்சு? எந்திரிச்சு நின்னு பதில் சொல்லோணும். ஒடஞ்ச படிக்கட்டு, மழைக்கு ஒழுகற அஞ்சாங்கிளாஸ், பாம்பு வர்ற பின்பக்கம், பெரிய புள்ளைங்களுக்கு நாப்கின் எரிக்கிற மிசினு. ஒண்ணு முடிஞ்சா ரெண்டு சேர்ப்பேன். போகப் போக அந்தம்மா கண்ணாடிக்கு மேல பாக்கறத விட்டுட்டாங்க. ஒரு துண்டுச் சீட்டுல எல்லாம் எழுதிக் கொண்டு வருவாங்க. நான் பேரு சொல்லிக் கூப்பிட்டா சட்டுன்னு அந்தச் சீட்டத்தான் பார்ப்பாங்க. நான் அதத்தான் பார்த்துட்டு இருப்பேன்.

ஒரு மாசம் ஆயாகிட்டச் சொல்லி விட்டாங்க, வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி, ஈரோட்டுல சேர்த்திருக்குது, கூட்டத்த அடுத்த வாரம் வச்சுக்கலாமான்னு. நான் திருப்பிச் சொல்லி விட்டேன், தள்ளி வைக்கறதுன்னா காரணம் எழுதிக் குடுக்கோணும், நோட்டுல ஏத்தோணும்னு. அந்தம்மா எழுதிக் குடுக்கல. மூணு மணிக்கு வந்துட்டாங்க. ஆசுபத்திரியில இருந்து நேரா, கையில ஃப்ளாஸ்க்கோட. எந்திரிச்சு நின்னு படிச்சுக் காட்டிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனாங்க. அன்னிக்கு மாரப்பண்ணன் எங்கிட்ட, "அலாரம் வைக்காத, நானே பேசல"ன்னாரு. அவருக்கு எம் மேல என்ன கோவமோ தெரியல.

சட்டப்படிதான் பண்ணுனேன். நீங்களே சொல்லுங்க, தப்பா நான் ஒண்ணாச்சும் பண்ணுனனா?

பதினோராவது மாசம் சி.இ.ஓ. வந்தாரு. மாவட்டத்துக்கே பெரிய கல்வி அதிகாரி. எங்க கூட்டத்தப் பத்திக் கேள்விப்பட்டு வந்தாராம். சேர் எல்லாம் வாடகைக்கு எடுத்துப் போட்டாங்க. "தலைவியம்மா, உங்க நோட்டப் படிங்க, கேப்போம்"னாரு. அதுக்குத்தான நான் ஒரு வருசமாக் காத்துட்டு இருந்தேன்! எந்திரிச்சேன். அந்த ஒரு வருசத்துல மொத்தம் பத்தொம்பது விஷயம் ஹெச்.எம். செய்யறேன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுல நாலு பாக்கி. அந்த நாலையும் படிச்சேன். எந்தத் தேதி சொன்னாங்க, எந்தத் தேதி தள்ளுனாங்க, மறுபடி எந்தத் தேதி தள்ளுனாங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ தமயந்தி, தமயந்தி, தமயந்தின்னு கையெழுத்து. என் தொண்டை அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு.

மிச்சம் பதினஞ்சா? அதுதான் முடிஞ்சு போச்சே, முடிஞ்சத எதுக்குங்க படிக்கோணும்? பாக்கிதானங்க விஷயம்?

சி.இ.ஓ. அந்தம்மாவப் பார்த்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?"ன்னாரு. அந்தம்மா என்னத்தான் பார்த்தாங்க. சொல்லுவாங்க, அந்தப் பதினஞ்சையும் எடுத்துச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொன்னா அதுக்கும் பதில் வச்சிருந்தேன். ஆனா, "நோட்டுல இருக்கறது சரிதான் சார்"னு மட்டும் சொன்னாங்க. உக்காந்துட்டாங்க.

ரெண்டே வாரம். நிர்வாகக் காரணம்னு போட்டு ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்திருச்சு. இந்த மலைக்கு. ரிட்டையர் ஆக ஒன்றரை வருசம் இருக்குது.

அவங்க போற அன்னிக்குப் பள்ளிக்கூடக் கேட்டுகிட்டப் பொம்பளப் புள்ளைங்க எல்லாம் நின்னு ஒரே அழுகை. எம் புள்ளையும்தான். வீட்டுக்கு வந்து சோறு வேண்டான்னுட்டா. "எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தது அவங்கதானம்மா"ங்கறா. வேற யாராச்சும் எடுப்பாங்க, அழாதன்னேன். இன்னும் யாரும் எடுக்கல, அது வேற விஷயம். உனக்காகத்தாண்டி இத்தனையும் பண்ணுனேன்னு சொன்னா, "எனக்குத் தண்ணி வந்தப்பவே சரியாப் போச்சும்மா"ங்கறா. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்.

நான் சந்தோசமா இருந்திருக்கோணும். இருந்தேன். ஒரு மாசம் இருந்தேன். அதுக்கப்புறம் கூட்டம் சப்புன்னு ஆயிருச்சுங்க்கா. ஹெச்.எம். பொறுப்புக்கு ஒரு வாத்தியாரப் போட்டாங்க. நான் என்ன சொன்னாலும், "சரிங்கம்மா, எழுதிக்குங்கம்மா, நீங்க சொன்னாச் சரிங்கம்மா." இருபது நிமிசத்துல கூட்டம் முடிஞ்சு போகுது. மெம்பருங்க ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. மாரப்பண்ணன் வர்றதே இல்ல. போன மாசம் ஒரு புதுப் பொண்ணு சத்துணவப் பத்தி ஏதோ ஆரம்பிச்சா. வீட்டுக்குக் குடுத்த சீட்டுல எழுதாதத இங்க பேசக் கூடாதும்மான்னு சொல்லி உக்கார வச்சேன். ஒழுங்குன்னா ஒழுங்கு, அப்படி ஒரு ஒழுங்கு. தறியில நின்னா பழைய மாதிரியே கேள்வியா மனசுல ஓடும். நல்ல நல்ல கேள்வி. கேக்கத்தான் ஆள் இல்ல.

அப்பத்தான் எனக்கு ஒறைச்சது. இத்தனை பண்ணியும் அந்தம்மா வாயில இருந்து 'தப்புப் பண்ணிட்டேன் பரிமளா'ன்னு ஒரு வார்த்தை நான் வாங்கவே இல்ல. அத வாங்காம விட்டா என்ன கணக்கு? மலைப் பள்ளிக்கூடத்துக் கூட்டமும் மாசக் கடைசி வெள்ளிக்கெழமதான்னு விசாரிச்சேன். எங்க கூட்டத்த வியாழக்கெழமையே முடிச்சுட்டு, காலைல பஸ் ஏறிட்டேன். கூட்டத்துல வச்சே கேக்கோணும், நாலு பேரு முன்னாடி. என்ன கேக்கோணும்னு ஒவ்வொரு வளைவுலயும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டே வந்தேன். 'இப்பத் தெரியுதா டீச்சர், கையெழுத்துன்னா என்னன்னு?' அதான். அந்த ஒரு வரிதான்.

பள்ளிக்கூடத்தப் பார்த்திருக்கீங்களா நீங்க? ஒரே ஒரு கட்டடம். முன்னாடி செம்மண்ணு. நான் போய்ச் சேரும்போது கூட்டம் ஆரம்பிச்சிருச்சு. மரத்தடியில பதினஞ்சு இருபது பொம்பளைங்க வட்டமா உக்காந்திருக்காங்க. சேரே இல்ல. தமயந்தி டீச்சரும் கீழதான். எளைச்சுப் போயிட்டாங்க. கஞ்சி போட்ட சேலை எல்லாம் இல்ல, ஓரமெல்லாம் மண்ணு. நல்லா வேணும்னு நெனச்சேன். அப்படியே நின்னு ஒரு நிமிசம் பார்த்தேன், அதுக்குத்தான வந்தேன்.

அவங்க நிமிர்ந்தாங்க. எந்திரிச்சாங்க. "வாங்க பரிமளா"ன்னாங்க.

மூணு வருசமா 'வா போ'தான். இன்னிக்கு 'வாங்க.' எனக்கு வந்த வேகம் அங்கயே கொஞ்சம் தடுமாறிப் போச்சு. அதோட விட்டாங்களா? அந்தப் பொம்பளைங்ககிட்டத் திரும்பி, "நம்ம நோட்டு எழுதற முறை, படிச்சுக் காட்டற முறை எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க இவங்கதான்"னாங்க. எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிக்கறாங்க. நல்ல சிரிப்புதான். எனக்கு உச்சந்தலையில நெருப்ப வச்ச மாதிரி இருந்துச்சு. நான் சொல்லிக் குடுத்தனா? நான் எதுக்குப் பண்ணுனேன், இந்தம்மா என்ன எடுத்துக்கிட்டாங்க பாருங்க! வேணும்னேதான் சொல்லியிருப்பாங்க. நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னே சொல்லியிருப்பாங்க.

நான் தொறந்தேன். "டீச்சர், நான் ஒண்ணு கேக்கோணும்"னேன்.

அங்க தலைவி மாதேவின்னு ஒரு பொண்ணு, மடியில கைக்குழந்தை. கையில ஒரு கூழாங்கல்லு வச்சிருக்கா. "ஒக்காருங்கக்கா. கல்லு யாரு கையில இருக்குதோ அவங்கதான் பேசணும். மெம்பரு அல்லாதவங்க கடசியில"ங்கறா. என்னப் பார்த்து! கூட்டம் நடத்தறதப் பத்தி எனக்கே சொல்றா! என்ன பண்றது, சட்டம்னா சட்டம். மண்ணுல உக்காந்தேன்.

மாதேவி போன மாசத்து விஷயத்தப் படிச்சா. தடுமாறித் தடுமாறித்தான் படிச்சா, ஆனா அவளேதான் படிச்சா. பாக்கி இருக்கறதப் படிச்சுட்டு மூடப் போனா. தமயந்தி டீச்சர் கல்ல வாங்கி, "முடிஞ்சதையும் படி மாதேவி. முடிஞ்சதப் படிக்கலைன்னா முடிக்காத மாதிரி ஆயிரும்"னாங்க. என்னப் பார்க்கவே இல்ல. ஒரு தடவ பார்த்திருந்தாங்கன்னா கல்லாவது மண்ணாவது, நான் கேட்டிருப்பேன். பார்க்கவே இல்லீங்க. அவ மறுபடி நோட்டத் தொறந்து ஒவ்வொண்ணாப் படிச்சா. கூரை ஓடு மாத்துனது, முடிஞ்சது. தண்ணித் தொட்டி கழுவுனது, முடிஞ்சது. ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பொம்பளைங்க சின்னதாக் கை தட்டறாங்க. நான் தரையில கோடு கிழிச்சுட்டு இருந்தேன்.

அப்புறம் ஆனை விஷயம். அந்தப் பக்கத்துக் காலனியில இருந்து பதினோரு புள்ளைங்க காட்டுப் பாதையில நடந்து வருதுங்க. ரெண்டு வாரமா அங்க ஒரு ஒத்தை ஆனை சுத்துதாம். போன வெள்ளிக்கெழம புள்ளைங்க பார்த்துட்டு, புத்தகப்பைய எல்லாம் போட்டுட்டு ஓடி வந்திருக்குதுங்க. பெரியவங்க யாராச்சும் கூடப் போறதுன்னு பேசி, "யாராச்சும் ஒருத்தர் தெனமும்"னு ஒருத்தி சொன்னா. எனக்குப் பொறுக்கல. "யாருன்னு பேரு எழுதுங்க!"ன்னு கத்திட்டேன். என் தொண்டைதான் தெரியுமே, மடியில இருந்த குழந்தை முழிச்சுட்டு அழுகுது. "கல்லு உங்ககிட்ட இல்லக்கா"ங்கறா மாதேவி. ஆனா பேரு எழுதுனாங்க. திங்கக்கெழமைக்கு ஒருத்தி, செவ்வாய்க்கு ஒருத்தி.

எல்லாம் முடிஞ்சது. கல்லு சுத்திச் சுத்தி எங் கைக்கு வந்துச்சு. சூடா இருந்துச்சுங்க, அத்தனை கை பிடிச்ச கல்லு. "இப்பக் கேளுங்கக்கா"ன்னா மாதேவி. எல்லாரும் என்னப் பாக்கறாங்க. தமயந்தி டீச்சரும் இப்பப் பாக்கறாங்க, பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு. கேக்கறத எழுதிக்கத் தயாரா.

அந்த ஒரு வரி. மலை பூராவும் சொல்லிப் பார்த்துட்டு வந்த வரி. நாக்குல இருக்குது. வாயத் தொறந்தேன்.

"கீழ போற கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

என்னன்னு வந்துச்சுன்னே தெரியலீங்க்கா! "நாலரைக்கு"ன்னாங்க எல்லாரும் ஒண்ணா. அந்தம்மா குனிஞ்சு எழுதுனாங்க. எழுதி, எந்திரிச்சு நின்னு, சத்தமாப் படிச்சும் காட்டுனாங்க. "பார்வையாளர் திருமதி பரிமளா, கீழே செல்லும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான்கரை மணி எனத் தெரிவிக்கப்பட்டது." நோட்டுல ஏறிப்போச்சு. இனி அத யாரு அழிக்கறது? நான் அங்க போயி என்ன கேட்டேன்னு நாளைக்கு யாரு எடுத்துப் பார்த்தாலும் பஸ்ஸு நேரந்தான் இருக்கும்.

பஸ் வரைக்கும் கூட வந்தாங்க அந்தம்மா. கனிஷ்கா எப்படி இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. இருக்கான்னேன். அவங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு நான் கேக்கல. கேக்கோணும்னு எனக்கென்ன?

விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கெழம மறுபடி வர்றேன். தறிக்கு இப்பவே சொல்லிரோணும். அந்தம்மா தப்பே பண்ணாத மாதிரி நோட்டு எழுதறாங்களே, அதுலயே ஒரு ஓட்டை இருக்குதுங்க்கா. நான் பார்த்துட்டேன். திங்க, செவ்வா, புதன், வியாழன், நாலு நாளைக்குத்தான் பேரு எழுதியிருக்குது. கோவத்துல எனக்கு அப்பத் தோணல, பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறகுதான் வெரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினோரு புள்ளைங்க, ஆனை நடமாட்டம், இப்படியா விடுவாங்க? இந்தத் தடவ கல்லு எங் கைக்கு வரட்டும், பஸ்ஸும் கேக்கமாட்டேன், ஒண்ணும் கேக்கமாட்டேன். அந்தம்மா மூஞ்சிக்கு நேராக் கேப்பேன்.

வெள்ளிக்கெழமைக்கு யாரு டீச்சர்?